நாற்பது நாளும் ஒரு பேனாவும்

கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலுக்குச் சென்ற அன்பர்களுக்கு அந்த நீண்ட கடைவீதி மண்டபம் நினைவிருக்கும். கோபுரத்தைக் காண்பதற்கு முன்பே குங்குமம், வளையல், பித்தளை விளக்கு, பூ என்று இருபுறமும் கடைகள் நம்மை எதிர்கொள்ளும். அங்கே பூ விற்கும் ஓர் அம்மாளிடம் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் நான் வாடிக்கையாகப் பூ வாங்கி வருகிறேன். சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு நாள், அர்ச்சனைத் தட்டில் பூவை வைத்துக்கொண்டே அவர் கேட்டார்: "பேங்க் ஐயா, நீட்டுனு ஒரு பரீட்சையாமே, பள்ளிக்கூடத்துல எம் பொண்ணு பேரைக் குடுத்திருக்காங்க. அது என்னாங்கய்யா?"

அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்ற பெண். பிளஸ் டூ பொதுத்தேர்வு 2025 மார்ச் 25-ஆம் தேதி முடிந்தது. நீட் தேர்வு மே 4-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. விரல்விட்டு எண்ணினேன். நாற்பது நாள். நம் பெரியோர் ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள் என்பார்கள். இவளுக்கு ஒரு மண்டலம்கூட இல்லை.

முன்பே ஏன் படிக்கவில்லை என்று கேட்பது எளிது. நானும் கேட்டேன். பள்ளியில் சனிக்கிழமைகளில் பயிற்சி வகுப்பு நடந்ததாம். பூக்கடைக்கு வெள்ளியும் சனியும்தான் வியாபாரம். தாய் கடையில் இருந்தால் வீட்டில் பூக்கட்ட இந்தப் பெண்ணைத் தவிர வேறு ஆள் கிடையாது. தகப்பனார் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கேட்ட கேள்விக்காகச் சற்று வெட்கப்பட்டேன்.

இந்தத் தேர்வைப் பற்றி நம் தலைமுறையினர் பலருக்குத் தெளிவில்லை என்பதால் சிறிது சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கென்று நுழைவுத்தேர்வு முதலில் வந்தது 1984-இல். 2006-ஆம் ஆண்டின் சட்டத்தால் அது நீங்கியது. மருத்துவப் படிப்புக்கு மட்டும் 2017 முதல் அகில இந்தியத் தேர்வான நீட் நம் மாநிலத்திலும் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் ஏற்பட்டது. இத்தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அது இருக்கிறது, ஒரு பெண் அதை எழுதியாக வேண்டியிருந்தது. நான் பேசுவது அவ்வளவே.

வினாத்தாளில் 180 கேள்விகள். நேரமும் 180 நிமிடம். உயிரியலில் 90, வேதியியலில் 45, இயற்பியலில் 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு, விட்டுவிட்டால் பூஜ்யம். மொத்தம் 720. தமிழில் எழுத விரும்புவோருக்குத் தமிழும் ஆங்கிலமுமாக இருமொழி வினாத்தாள் தருகிறார்கள். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. தமிழ்வழிப் பிள்ளைகள் இதை முதலிலேயே தெரிந்துகொண்டு, முக்கியமான கலைச்சொற்களையாவது இரு மொழியிலும் பழகிக்கொள்வது நல்லது.

நான் வேதியியல் பட்டதாரி. ஆனால் பட்டம் பெற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. நடுவே முப்பத்தாறு ஆண்டுகள் கடன் விண்ணப்பங்களைத் தவிர வேறொன்றும் படித்தவனில்லை. ஆகவே பாடம் சொல்லித்தரும் தகுதி எனக்கில்லை. கணக்குப் போடத் தெரியும். முதல் நாள் ஒரு தாளை எடுத்து, இருக்கும் நாட்கள் ஒரு பக்கமும் பாடங்கள் மறுபக்கமுமாக எழுதினேன். மூன்று பாடத்தையும் முழுதாகப் படிக்க நாற்பது நாள் போதாது என்பது உடனே தெரிந்தது. உயிரியல் மட்டுமே பாதி மதிப்பெண், 360. அதில் அவளுக்கு விருப்பமும் இருந்தது. எனவே நாளின் பெரும் பகுதி உயிரியலுக்கு. வேதியியலில் நினைவில் நிற்கக்கூடிய பகுதிகள். இயற்பியலில் அலகுகளும் பரிமாணங்களும், மின்னோட்டம், குறைகடத்தி என்று மூன்று நான்கு பாடங்கள் மட்டும். மற்றவற்றை 'வாராக் கடன்' என்று எழுதி ஒதுக்கிவிட்டேன். அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டாள். சொன்னேன். சிரித்தாள்.

எங்கள் வீட்டுத் திண்ணைதான் பள்ளிக்கூடம். உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திவிட்டால் மாலை நான்கு மணி வரை பூக்கடையில் வேலை இராது. அந்த நேரத்தில் அவள் வருவாள். இது தற்செயலாக அமைந்த நன்மை. தேர்வும் பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரைதான். உண்டபின் கண்ணைச் சுழற்றும் அந்தச் சித்திரை வெயில் வேளையில் விழித்திருந்து படிக்க அவள் உடம்பு பழகிக்கொண்டது.

உயிரியலில் அவளுக்கு நான் சொல்லித்தந்ததைக் காட்டிலும் நான் கற்றுக்கொண்டதே அதிகம். ஒரு நாள் கூடையிலிருந்து செம்பருத்தி மொட்டு ஒன்றை எடுத்து, இதழ்கள் ஒன்றன்மீது ஒன்று எப்படித் திருகிக்கொண்டு நிற்கின்றன என்று பிரித்துக் காட்டினாள். திருகிதழமைவு என்று பாடநூல் சொல்வது அதுதானாம். சிவபெருமானுக்கு நாம் சாத்தும் ஊமத்தை, கத்தரியும் தக்காளியும் சேர்ந்த குடும்பமாம். செவ்வந்தியை நாம் ஒரு பூ என்று எண்ணி அர்ச்சிக்கிறோம். அது ஒரு பூவே அன்று. சிறு சிறு பூக்கள் பல ஒரே தலையில் கூடியிருக்கும் சிரமஞ்சரி என்றாள். ஆயிரம் முறை அர்ச்சனைக்குக் கொடுத்திருப்பேன், எனக்குத் தெரியாது. பிறந்தது முதல் பூவோடு வளர்ந்தவளுக்கு அந்தப் பாடம் இரண்டே நாளில் வசமாகிவிட்டது. தயாரிப்பு இல்லை என்று நான் எண்ணிய பெண்ணிடம் எந்தப் பட்டியலிலும் சேராத தயாரிப்பு ஒன்று இருந்திருக்கிறது.

இயற்பியல்தான் இருவருக்கும் சுவராக நின்றது. வேறு வழியின்றி என் மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவன் பொறியாளன், புனேயில் இருக்கிறான். இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்லியாக வேண்டும்.

2004-ஆம் ஆண்டு அவன் தமிழ்நாட்டு நுழைவுத்தேர்வை எழுதினான். பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத்தேர்வுக்கு 100, ஆக 300-க்குக் கணக்கிட்ட காலம் அது. அவனுக்குத் தயாரிப்பில் குறை ஏதும் வைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள், விடியற்காலை ஐந்து மணிக்குத் தனிப்பயிற்சி, மாலையில் மீண்டும் ஒன்று. வீட்டில் தொலைக்காட்சியின் இணைப்பையே எடுத்திருந்தேன். தேர்வு முடிந்து அவன் வாயிலைத் தாண்டி வந்ததும் நான் கேட்ட முதற்கேள்வி, "எத்தனை விட்டாய்?" அவன் கையிலிருந்த வினாத்தாளை வாங்கி, திரும்பும் பேருந்திலேயே ஒவ்வொரு கேள்வியாகச் சரிபார்த்தேன். தவறு வந்த இடங்களில் எல்லாம் பேருந்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி பேசினேன். என் மனைவி கட்டி வந்த தயிர்சாதப் பொட்டலம் அவிழ்க்கப்படாமலே வீடு வந்தது. அவனுக்கு நல்ல கல்லூரியே கிடைத்தது. நல்ல வேலையும் கிடைத்தது. ஆனால் அன்று முதல் என்னிடம் அவன் பேசும் பேச்சு, கேட்ட கேள்விக்குப் பதில் என்ற அளவில் நின்றுவிட்டது. இருபது ஆண்டுகளாக அது இயல்பு என்றே நான் எண்ணிவந்தேன்.

ஞாயிறுதோறும் காணொளி அழைப்பில் அந்தப் பெண்ணுக்கு மின்னோட்டப் பாடத்தை அவன் நடத்தினான். தண்ணீர்த் தொட்டி, குழாய், குழாயின் குறுக்களவு என்று அவன் விளக்கியதை நான் பின்னால் நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒரே தவறை மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் அவன் குரல் உயரவில்லை. கடைசி வகுப்பு முடியும்போது அவளிடம் சொன்னான்: "பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் தாத்தா எத்தனை விட்டாய் என்று கேட்பார். பதில் சொல்லாதே." அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். நான் எழுந்து கூடத்துக்குப் போய்விட்டேன்.

கழிவு மதிப்பெண் விஷயத்தில் எங்கள் திண்ணையில் பெரிய விவாதமே நடந்தது. தெரியாத கேள்வியைத் தொடவே கூடாது என்பது அவளது பள்ளித் தோழிகளின் கட்சி. கணக்கு வேறுவிதமாகச் சொல்கிறது. நான்கு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்து, அவற்றில் ஒன்று சரியாக அமைந்தால் 4 வரவு, மூன்று தவறுக்கு 3 பற்று, ஒரு மதிப்பெண் மிச்சம். பெரிய நட்டம் இல்லை, ஆனால் அந்த ஒன்றும் உறுதியில்லை. நான்கு விடைகளில் இரண்டு நிச்சயமாகத் தவறு என்று நீக்க முடிந்தால் நிலைமை மாறுகிறது. அத்தகைய இரண்டு கேள்விகளில் ஒன்று சரி, ஒன்று தவறு என்றாலும் 3 மதிப்பெண் கைக்கு வரும். ஆகவே இரண்டை நீக்க முடிந்தால் எழுது, ஒன்றைக்கூட நீக்க முடியாவிட்டால் அடுத்ததற்குப் போ என்று முடிவு செய்தோம். உண்மையில் தெரியாத கேள்வி தின்பது மதிப்பெண்ணை அன்று, நிமிடத்தை. கேள்விக்கு ஒரு நிமிடம்தான். தெரியாத ஒன்றோடு ஐந்து நிமிடம் மல்லுக்கு நின்றால், தெரிந்த நான்கு கேள்விகள் பின்னால் காத்துக்கிடக்கும்.

வட்டம் நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளின் மாதிரியை நகலெடுத்துப் பத்துத் தடவை பழகவைத்தேன். பேனாவால் நிரப்பியதை அழிக்க இயலாது. ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததன் விடையை அதன் வரிசையில் குறித்துவிட்டால் அதற்குப் பின்வருவதெல்லாம் இடம் மாறிப் போகும். மாதிரித் தேர்வில் அவளுக்கு ஒருமுறை அப்படியே நேர்ந்தது. வீட்டில் நேர்ந்ததே நல்லதாயிற்று.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவியும் பூக்கார அம்மாளும் அந்தப் பெண்ணும் கூத்தனூர் சரஸ்வதி அம்மனைத் தரிசிக்கச் சென்றார்கள். அன்று கடையை மூடியது அந்த அம்மாளுக்கு எத்தகைய இழப்பு என்பது எனக்குத் தெரியும். பூந்தோட்டத்துக்கு அருகே கலைமகளுக்கென்றே அமைந்த அத்திருக்கோயிலை அன்பர்கள் அறிவீர்கள். ஒட்டக்கூத்தரின் பெயரால்தான் அவ்வூருக்குக் கூத்தனூர் என்று பெயர் வந்தது என்பர். தேர்வுக் காலத்தில் அங்கே பேனாவும் நோட்டுப் புத்தகமும் வைத்து வழிபடும் பிள்ளைகள் கூட்டம் சொல்லி மாளாது. அவர்களும் ஒரு பேனாவை அம்மன் திருவடியில் வைத்து வாங்கி, மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நீட் தேர்வுக்கு நம் பேனாவை உள்ளே கொண்டுபோக முடியாது. எழுதுவதற்கான பேனாவை அங்கேயே தருவார்கள். இந்த விதியை நான் முன்பே படித்திருந்தும், கண்ணில் நீர் மல்க அந்த அம்மாள் பேனாவை நீட்டியபோது சொல்ல நா எழவில்லை. இது என் தவறுதான். தேர்வு நாளன்று வாயிலில் சொல்ல வேண்டியதாயிற்று.

மே 4-ஆம் தேதி. அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாளும் அதுவே. தேர்வு மையம் தஞ்சாவூரில். காலை எட்டு மணிக்கே பேருந்து ஏறிவிட்டோம். பதினோரு மணி முதல் உள்ளே அனுமதிக்கிறார்கள். ஒன்றரை மணிக்கு வாயில் மூடப்படும், அதன்பின் யார் கெஞ்சினாலும் திறக்காது. பேரப்பிள்ளைகளோடு செல்லும் பெரியோர்கள் இந்த நேரத்தை மனத்தில் கொள்ள வேண்டும். புகைப்படம் ஒட்டிய நுழைவுச்சீட்டு, அசல் அடையாள அட்டை, ஒளி ஊடுருவும் தண்ணீர்க் குப்பி ஆகியவற்றை முதல் நாளே ஒரு பையில் வைத்துவிடுங்கள். முழுக்கைச் சட்டையும் மூடிய காலணியும் ஆகாது. நகை ஆகாது. இவள் காதிலிருந்த சிறு தோட்டைத் தாய் கழற்றி வாங்கிக்கொண்டார். கொண்டை ஊசியோடு சேர்த்து, தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தையும் எடுத்துத் தம் பைக்குள் வைத்தார். பூக்காரி மகள் தலையில் பூவில்லாமல் அன்றுதான் கண்டேன்.

பேனா விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் திகைத்து நின்றார். அந்தப் பெண்தான் சமாளித்தாள். "அம்மா பார்த்தது என்னைத்தானே, பேனாவையா?" என்று சொல்லி, மஞ்சள் துணியோடு அதை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

வெளியே மூன்று மணி நேரம். அந்த நடைபாதையில் நின்ற கூட்டத்தை என்னால் மறக்க முடியாது. வேப்பமரத்து நிழலுக்கு ஐம்பது பேர் போட்டி. ஒருவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஸ்லோகப் புத்தகம் படித்தார். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி தம் மகனுக்கு இது மூன்றாம் முறை என்றார். முதல் இரண்டு முறைக்காகப் பயிற்சி நிலையத்துக்குக் கட்டிய தொகையைச் சொன்னபோது, வங்கிக்காரன் என்ற முறையில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் என்னைக் கேட்டார்: "உங்க பேத்திக்கு எத்தனை வருஷக் கோச்சிங்?" நாற்பது நாள் என்றேன். அவர் ஏதும் சொல்லவில்லை. பரிதாபமாகப் பார்த்தார். பேத்தி இல்லை என்று நான் திருத்தவும் இல்லை.

ஐந்தரை மணி அளவில் பிள்ளைகள் வெளியே வரத் தொடங்கினர். அவ்வாண்டு இயற்பியல் வினாக்கள் மிகக் கடினமாக அமைந்திருந்தன. பின்னர் நாடெங்கும் அதுவே பேச்சாயிற்று. பலர் அழுதுகொண்டே வந்தார்கள். இவளும் அழுதாள். தாய் ஓடிப்போய், "எப்படி எழுதினே?" என்று கேட்க வாயெடுத்தார். நான் கையமர்த்தினேன். எனக்கும் நாக்கு நுனியில் அதே பழைய கேள்வி நின்றது என்பதை மறைக்கப்போவதில்லை. தண்ணீர்க் குப்பியைக் கொடுத்தேன். தாய் பைக்குள்ளிருந்து வாடிப்போன மல்லிகைச் சரத்தை எடுத்து அவள் தலையில் வைத்தார்.

பெரியகோயிலில் மாலை நடை திறந்திருந்தது. பெருவுடையாரைத் தரிசித்துவிட்டு நந்தி மண்டபத்துக்கு அப்பால் புல்தரையில் அமர்ந்தோம். என் மனைவி கொடுத்தனுப்பிய தயிர்சாதத்தை அங்கே அவிழ்த்தோம். பாதி சாப்பிட்டபின் அவளாகவே பேசினாள். இயற்பியலில் பதினொன்றுதான் எழுதினாளாம், முப்பத்துநான்கை விட்டுவிட்டாளாம். "வாராக் கடன் தாத்தா" என்றாள். உயிரியலில் எழுபத்தாறு. இரவு வீடு திரும்பியதும் மகன் அழைத்தான். "கேட்டீர்களா?" என்றான். கேட்கவில்லை என்றேன். பிறகு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், பெரும்பாலும் அந்த 2004-ஆம் ஆண்டுப் பேருந்தைப் பற்றி. அவனுக்கு அந்த வழித்தடத்தின் எண்கூட நினைவிருந்தது.

மே 8-இல் பிளஸ் டூ முடிவு வந்தது, 600-க்கு 511. ஜூன் 14-இல் நீட் முடிவு, 720-க்கு 235. அவ்வாண்டு பிற்படுத்தப்பட்டோருக்கான தகுதி மதிப்பெண் 113 என்பதால் தேர்ச்சி பெற்றவள் என்ற கணக்கில் சேர்ந்தாள். ஆனால் 235-க்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கவில்லை, உள் ஒதுக்கீட்டிலும் எட்டவில்லை. கிடைத்திருந்தால் இக்கட்டுரை இன்னும் இனிதாக முடிந்திருக்கும்; நடந்ததைத்தான் எழுத முடியும். அரைகுறைத் தயாரிப்போடு அவளை அந்த வெயிலில் கொண்டுபோய் நிறுத்தியது சரிதானா என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். முடிவு வந்த அன்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன். "போகாம இருந்தா எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னே தெரிஞ்சிருக்காது தாத்தா" என்றாள்.

இப்போது அரசு மகளிர் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். வரும் மே மாதம் மீண்டும் எழுதப்போகிறாள். இம்முறை நாற்பது நாள் அல்ல; ஆடி மாதமே தொடங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் புனேயிலிருந்து அழைப்பு வருகிறது. இயற்பியலில் வாராக் கடன் பட்டியல் பாதியாகக் குறைந்திருக்கிறது. கூத்தனூர்ப் பேனா எங்கள் பூஜை மாடத்தில் இருந்தது. கல்லூரி திறந்த அன்று வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கல்லூரியில் யாரும் அதைத் தடுக்கவில்லையாம்.